வெந்நீரும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

மார்கழி பிறந்துவிட்டால் பூந்தமல்லி, திருமழிசை, குத்தம்பாக்கம், ஆவடி வட்டாரத்து இல்லங்களில் ஒரு பேச்சு எழுகிறது. பழைய கெய்சரை மாற்ற வேண்டும். மின்சாரம் குறைவாக இழுக்கும் ஒன்றை வாங்க வேண்டும். சூரிய ஒளியில் இயங்குவதை மாடியில் வைக்கலாமா, வேண்டாமா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார். அண்டைவீட்டார் வேறொன்று சொல்கிறார். பஜ்ருத் தொழுகைக்கு முன் குளிப்புக் கடமையானவருக்கும், முதுமையில் உளூ செய்யும் பெற்றோருக்கும், பிறந்த குழந்தைக்கும் வெந்நீர் தேவைப்படுகிறது. ஆகவே, இது வீட்டுச் செலவுக் கணக்காக மட்டும் இருந்துவிடவில்லை. நம் தூய்மையோடும் வணக்கத்தோடும் தொடர்புடையதாகவும் இருக்கிறது. இதைப்பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வெந்நீர் ஒரு நிஃமத்

குளிர்ந்த நீரில் சிரமப்பட்டு உளூ செய்வதே சிறந்தது என்றும், தண்ணீரைச் சூடாக்கினால் நன்மை குறைந்துவிடும் என்றும் சிலர் எண்ணுகின்றனர். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்பவருக்கு உயர்ந்த அந்தஸ்து உண்டு என்பது நபிமொழி நமக்கு உணர்த்தும் உண்மை. ஆனால், தவிர்க்க முடியாத சிரமத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு. சிரமத்தைத் தேடிப் போய் வரவழைத்துக்கொள்வது வேறு.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கே ஆபத்து நேரும் என அஞ்சித் தயம்மும் செய்து தொழுகை நடத்தினார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, அவர் கூறிய காரணத்தைக் கேட்டு அண்ணலார் புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. உமர் (ரலி) அவர்களுக்காகப் பாத்திரத்தில் தண்ணீர் சூடாக்கப்பட்டு, அதில் அவர்கள் குளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. எனவே, வெந்நீரைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அது அல்லாஹ் அளித்த நிஃமத். நிஃமத் என்றால் அதற்கு நன்றியும் உண்டு. கேள்வி கணக்கும் உண்டு.

குத்தம்பாக்கம் தரும் பாடம்

சகோதரர்களே! நம் அருகிலுள்ள குத்தம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில் அமைந்த ஊராட்சி. 1996ஆம் ஆண்டு இவ்வூராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2001இல் மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இளங்கோ ரங்கசாமி என்னும் வேதிப் பொறியாளர். அவருடைய பணிகள் நாட்டின் பல பகுதிகளிலும் பேசப்பட்டன. கருங்கல் மெருகேற்றும் ஆலைகளில் வீணாக எஞ்சிய கற்பலகைகளைக் கொண்டு கழிவுநீர்க் கால்வாய் அமைத்தார். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கட்டிகளால் வீடுகள் எழுந்தன. சமத்துவபுரத்தில் ஒரே கட்டடத்தின் இரு பாதிகளில் தலித் குடும்பமும் பிற சமூகத்துக் குடும்பமும் அடுத்தடுத்து வாழும் வண்ணம் இரட்டை வீடுகள் அமைக்கப்பட்டன.

இப்பணிகளுக்குப் பின்னால் ஓர் எளிய கேள்வி இருந்தது. இந்த ஊர் எதை வெளியிலிருந்து வாங்குகிறது? அதற்காக எவ்வளவு பணம் ஊரை விட்டு வெளியேறுகிறது? அவற்றில் எவற்றை ஊருக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள முடியும்? முதலில் கணக்கு, பிறகுதான் செலவு. ஓர் ஊருக்குப் பொருந்திய இந்த ஒழுங்கு ஒரு வீட்டுக்கும் பொருந்தும். நாமோ பெரும்பாலும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு மின்கட்டணச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம்!

அளந்து பார்ப்போம்

ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1.16 வாட் மணி மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனியின் கருவியானாலும், எத்தனை விலை கொடுத்தாலும், நீருக்குள் சேர வேண்டிய வெப்பத்தின் அளவு மாறாது. ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட்.

நம் பகுதியில் தொட்டி நீர் பொதுவாகவே அவ்வளவு குளிர்ந்திருப்பதில்லை. அது 27 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். குளிப்பதற்கு இதமான சூடு 40 டிகிரி. இருபது லிட்டர் வாளி ஒன்றை இந்தச் சூட்டுக்குக் கொண்டுவர 0.3 யூனிட் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு வாளி என்றால் நாளொன்றுக்கு 1.5 யூனிட், கணக்கெடுக்கும் இரண்டு மாத காலத்தில் 90 யூனிட்.

இப்போது அதே வீட்டில் ஷவரைத் திறந்து பத்து நிமிடம் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்திற்கு எட்டு லிட்டர் என்றாலும் ஆளுக்கு 80 லிட்டர். நாளொன்றுக்கு 6 யூனிட். இரண்டு மாதத்தில் 360 யூனிட்! தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் விலையில்லாமல் வழங்கப்பட்டது நமக்குத் தெரியும். ஒரு ஷவர்க் குழாய் மட்டும் அந்த அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் குடித்துவிடுகிறது.

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் என்னும் கருவி இன்று விற்பனையில் உள்ளது. குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றின் வெப்பத்தைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. நம்முடையதைப் போன்ற வெப்பமான ஊரில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தர வல்லது. மிக நல்ல கருவிதான். ஆயினும், ஷவரில் குளிக்கும் அந்தக் குடும்பம் இதை வாங்கினாலும் இரண்டு மாதத்தில் 120 யூனிட் செலவாகும். வாளியில் குளிக்கும் குடும்பமோ சாதாரண கெய்சரைக் கொண்டே 90 யூனிட்டில் முடித்துவிடுகிறது!

சகோதரர்களே! சிக்கனம் கருவிக்குள் பிறப்பதற்கு முன்னால் நம் கைக்குள் பிறக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூ செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத் வரையிலான நீரில் குளித்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர். நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. மத்ஹபுகளிடையே இவ்வளவுகளில் சிறு வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும், அண்ணலாரின் குளிப்புக்கு நம் வாளியில் கால் பங்கு நீர் போதுமானதாக இருந்தது. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், விரயம் செய்வோரை நேசிப்பதில்லை என்று திருமறையில் எச்சரிக்கிறான். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சூடாக வரும்வரை காத்து நிற்கும் வேளையில் இந்த எச்சரிக்கை நம் நினைவுக்கு வர வேண்டாமா?

எந்தக் கருவி, யாருக்கு?

அளவைச் சரிசெய்த பிறகு கருவியைப் பற்றிப் பேசலாம்.

முதலாவது, நீரைச் சேமித்து வைக்கும் மின்சாரக் கெய்சர். இதன்மேல் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரப் பட்டையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நட்சத்திரம் கூடினால் தண்ணீரைச் சூடாக்கவே குறைந்த மின்சாரம் போதும் என்று எண்ணுகின்றனர். உண்மையில், சூடான நீர் தொட்டிக்குள் சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்பதைக் கொண்டே அந்த நட்சத்திரங்கள் அளிக்கப்படுகின்றன. உள்தொட்டியைச் சுற்றியுள்ள வெப்பத்தடுப்பு உறை தடிமனாக இருந்தால் கசிவு குறையும். ஆகவே, நாள் முழுதும் சுவிட்சைப் போட்டே வைத்திருக்கும் வீட்டில் ஐந்து நட்சத்திரம் பெரும் பயன் தரும். தேவைக்குக் கால் மணி நேரம் முன்பாகப் போட்டு, சூடானதும் அணைத்துவிடும் வீட்டில் அதன் பயன் சிறியதே. எப்போதும் போட்டு வைத்திருந்தால்தான் மின்சாரம் மிச்சம் என்று சிலர் சொல்வது சரியன்று. நீர் எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறதோ, அவ்வளவு நேரமும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும்.

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை உச்சத்தில் வைக்க வேண்டாம்; 50 டிகிரியை ஒட்டி வைத்தால் குளிப்பதற்குத் தாராளமாகப் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த இடங்களில் சூடேற்றும் கம்பியின்மேல் சுண்ணாம்புப் படிவம் ஏறும். நீர் சூடாகத் தாமதமாகும். கம்பியும் விரைவில் கெடும். ஆண்டுக்கொரு முறை கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். துருவிலிருந்து தொட்டியைக் காக்கும் மக்னீசியக் கம்பி தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, உடனடியாகச் சூடாக்கித் தரும் சிறிய கெய்சர். இதில் நீர் தேங்கி நிற்பதில்லை. எனவே கசிவும் மிகக் குறைவு. ஆனால் 3 கிலோவாட் திறன் கொண்டவை மிகுதி. அந்தச் சுமையைத் தாங்கும் மின்கம்பியும், முறையான எர்த் இணைப்பும் இல்லாத வீட்டில் பொருத்தக் கூடாது. வாடகை வீட்டில் குடியிருப்போர் வீடு மாறும்போது எளிதில் கழற்றி எடுத்துச் செல்ல இதுவே ஏற்றது.

மூன்றாவது, மேலே சொன்ன ஹீட் பம்ப். இதன் விலை அதிகம். இடமும் காற்றோட்டமும் வேண்டும். கூட்டுக் குடும்பங்கள், மதரஸா விடுதிகள் போன்று நாள்தோறும் மிகுதியான வெந்நீர் செலவாகும் இடங்களில் போட்ட பணம் திரும்பி வரும். இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டில் அது திரும்பி வர நெடுங்காலம் ஆகும்.

நான்காவது, சூரிய வெப்பக் கருவி. அல்லாஹ் இலவசமாக அனுப்பும் வெயிலை வாங்கிக்கொள்வது இது. பெங்களூருவில் 2007ஆம் ஆண்டு முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அந்நகரின் மாடிகளில் இவற்றை வரிசை வரிசையாகக் காணலாம். ஆனால், அந்நகரம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே வெந்நீர் தேவைப்படுகிறது. நம் ஊரின் நிலை வேறு. சித்திரையிலும் வைகாசியிலும் மாடித் தொட்டியின் தண்ணீரே கை சுடும் அளவுக்குக் கொதிக்கிறது. நமக்கு வெந்நீர் மிகவும் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலோ வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் சூரியனை மறைத்துக்கொள்கின்றன. எனவே, நம் பகுதியில் சூரிய வெப்பக் கருவியை வாங்குவோர் மழை நாள்களுக்காக மின்சாரத் துணை ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள் இருந்து ஆண்டு முழுதும் வெந்நீர் செலவாகும் வீட்டுக்கு இது மிகப் பொருத்தமானது.

மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைவரை அரை அங்குலக் குழாய் இருபது மீட்டர் ஓடுமானால், அதற்குள் மட்டும் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் நீர் ஆறிக் கிடக்கும். வெந்நீர் வருவதற்குள் அது வெளியே ஓடிவிடும். அதைச் சாக்கடையில் விடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் பிடித்தால் நால்வர் உளூ செய்யலாம்.

வெயிலில் சூடான நீர் மக்ரூஹா?

சூரியக் கருவி வாங்க முனைவோரில் சிலர், குறிப்பாக ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். வெயிலில் சூடேறிய நீரைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று கிதாபுகளில் இருக்கிறதே என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அந்தச் சட்டத்தைக் கூறிய அறிஞர்கள் அதற்குரிய நிபந்தனைகளையும் கூறியுள்ளனர். வெப்ப நாடாக இருக்க வேண்டும். இரும்பு, செம்பு போன்று சுத்தியலால் தட்டி உருவாக்கும் உலோகப் பாத்திரத்தில் நீர் வெயில்பட்டுச் சூடாகியிருக்க வேண்டும். அந்தச் சூடு ஆறுவதற்கு முன் அதை உடலில் பயன்படுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் வெண்குட்டம் ஏற்படக்கூடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இந்நிலையிலும்கூட அந்த நீர் தூய்மையானதே. அதில் செய்த உளூவும் குளிப்பும் நிறைவேறும். அதே ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர், ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஆதாரங்களை ஆய்ந்து, இது மக்ரூஹ் அன்று என்னும் கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இதுபற்றி அறிவிக்கப்படும் ஹதீஸ் பலவீனமானது என்பதையும் எடுத்துரைத்தார்கள்.

மேலும் ஐயம் இருப்போர், தம் கருவியின் அமைப்பைத் தம் மஹல்லா ஆலிமிடம் விளக்கித் தெளிவு பெறலாம். ஐயத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஏற்பாட்டைக் கைவிடுவதும் வேண்டாம். கேட்காமலே துணிவதும் வேண்டாம்.

உயிரைக் காப்பது முதற்கடமை

பணத்தை மிச்சப்படுத்தப் போய் உயிரைப் பணயம் வைத்துவிடக் கூடாது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு இழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி.

கேஸ் கெய்சரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்துவோர் உள்ளனர். கதவும் சன்னலும் மூடிய அறையில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேர்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளித்துக்கொண்டிருப்பவர் கூக்குரலிடவும் இயலாமல் மயங்கி விழுவார். நம் நாட்டில் பல குடும்பங்கள் இவ்விதம் உயிர்களை இழந்துள்ளன. இக்கருவியை வெளியே காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அவ்வாறே, வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு விலை மலிவானது, ஆபத்தோ பெரிது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். சிறு குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதனைத் தவிர்த்துவிடுவதே நலம். கெய்சரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டும் நீரைத் தடுக்க அதை அடைத்துவிடக் கூடாது. உள்ளழுத்தம் கூடித் தொட்டி வெடிக்காமல் காப்பது அதுதான். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் வீட்டில் பொருத்துங்கள்.

நம் சுவிட்சும் அண்டைவீட்டாரின் உரிமையும்

நாம் சுவிட்சைப் போடும்போது வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்துக் கிடைப்பது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் இயங்குகிறது. எண்ணூர்ப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றிலும் அதன் கழிமுகத்திலும் நிலக்கரிச் சாம்பல் படிந்து, மீனும் இறாலும் பிடித்து வாழும் மக்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது. அவர்களும் நம் அண்டையவர்களே. ஒரு வீட்டில் இரண்டு மாதத்திற்கு 270 யூனிட் குறைந்தால், அத்தனை வீடுகளின் சேமிப்பும் ஒன்றுசேர்ந்து எரியாத நிலக்கரியாகவும் கலக்காத சாம்பலாகவும் அமையும். அண்டையவரின் ஹக்கை நிறைவேற்றும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆயினும், ஒன்றை மறந்துவிடாதீர்கள். சிக்கனத்தின் பெயரால் வீட்டிலுள்ள பலவீனமானவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது. வயதான தாய் இன்னொரு செம்பு வெந்நீர் கேட்டால் மின்கட்டணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். பிள்ளை பெற்ற மகளுக்கும் முழங்கால் வலியால் வாடும் தந்தைக்கும் முதலில் கொடுங்கள். குறைக்க வேண்டியது உடல் வலுவுள்ள நம் பத்து நிமிட ஷவரைத்தான்.

இந்த வாரமே செய்யக் கூடியவை சில உண்டு. வீட்டாரை அமரவைத்து, நாளொன்றுக்கு எத்தனை வாளி வெந்நீர் உண்மையில் தேவை என்று எண்ணுங்கள். கெய்சரின் வெப்ப அளவைக் குறையுங்கள். சூடானதும் அணைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இயன்றவர்கள் தொட்டியின் வெயில் சூடு ஆறாத அஸர் வேளையில் குளித்துவிடுங்கள். ஒரு மாதம் இவ்வாறு நடந்து, மீட்டரில் ஓடிய யூனிட்டைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு புதிய கருவி தேவையா, தேவையானால் எது என்பதை அந்தக் கணக்கே உங்களுக்குச் சொல்லும். இரண்டு குளியலறைகளுக்கு இரண்டு பெரிய கெய்சர் வாங்க எண்ணியிருந்தவர், சிறியது ஒன்றே போதும் என்ற முடிவுக்கு வரக்கூடும். மிச்சமாகும் பணம் பிள்ளையின் கல்விக்கோ, கஷ்டப்படும் உறவினருக்கோ சென்று சேரட்டும்.

வல்ல அல்லாஹ் நமக்கு அளித்த நீரையும் நெருப்பையும் வெயிலையும் அளவறிந்து பயன்படுத்தும் நற்பேற்றைத் தருவானாக! நம் இல்லங்களை விபத்துகளிலிருந்து காப்பானாக! நம் பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் வாய்ப்பை நீட்டித்துத் தருவானாக! ஆமீன்.